பதினெட்டு என்று எழுதிய காலை

அன்று காலை எட்டு மணிக்கு அவருடைய மூச்சை நான் எண்ணவில்லை. எண்ணியதுபோல் சார்ட்டில் 18 என்று எழுதினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது சேர்த்துவிடுவேன்.

ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். ஆண்கள் அறுவை வார்டில் எனக்கு அது பன்னிரண்டாவது வருடம். காலை ஷிப்ட் ஏழு மணிக்குத் தொடங்கும். பாயான் பாருவிலிருந்து என் கூட வேலை செய்யும் ஓர் அக்காவின் கெரேத்தாவில், அதாவது காரில், வருவேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரே அடுக்குமாடி, ஒரே வார்டு. காலையில் வண்டிக்குள் ஏறினால் மருத்துவமனை வாசல் வரைக்கும் பேச்சு ஓயாது.

வார்டுக்குள் நுழைந்ததும் பேச்சுக்கு இடமில்லை. என் பங்குக்குப் பதினான்கு கட்டில். எட்டு மணிக்கு ஒரு சுற்று, பன்னிரண்டுக்கு ஒரு சுற்று. சக்கரம் வைத்த இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போவேன். கையில் பட்டையைச் சுற்றினால் ரத்த அழுத்தம் வரும். விரலில் கிளிப் மாட்டினால் நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் வரும். காதில் வைத்து எடுத்தால் காய்ச்சல் தெரியும். மூச்சுக்கு மட்டும் அந்த இயந்திரத்தில் வயர் கிடையாது. நோயாளியின் பக்கத்தில் நின்று, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, கடிகாரம் ஒரு நிமிடம் ஓடும்வரை எண்ண வேண்டும். பதினான்கு பேருக்குப் பதினான்கு நிமிடம். அந்தப் பதினான்கு நிமிடம் எங்களில் யாரிடமும் இருந்ததில்லை.

அதனால் 18. சில நாள் 20. இரண்டும் நல்ல எண்கள். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அது பொய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சிரித்துப் பேசுகிற, கஞ்சி குடிக்கிற மனிதருக்கு மூச்சு வேறு எப்படி இருந்துவிடப் போகிறது?

அவர் ஒன்பதாம் கட்டில். ஐம்பத்தாறு வயது. சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் முப்பது வருடமாகத் தண்ணி கலக்குகிறவர். கடையில் தேநீர், காப்பி, மைலோ போடுகிறவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். குடலில் ஒரு கட்டி. அந்தத் துண்டை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். நான் சொல்லும் அந்தக் காலை, அறுவைக்குப் பிறகு நான்காவது நாள்.

வந்த நாளிலிருந்தே வார்டைக் கடையாக்கி வைத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்களைப் பார்த்து, யார் என்ன குடிப்பார்கள் என்று சொல்லிவிடுவார். பத்தாம் கட்டிலில் இருந்த சீனக் கிழவரைக் காட்டி, "இவரு கோப்பி ஓ, சீனி கெடையாது" என்றார். பால் இல்லாத கறுப்புக் காப்பி. சரியாகத்தான் இருந்தது. நர்சுகளை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். என்னிடம், "மிஸ்ஸி, நீங்க தே தாரேக். ஆனா பால் கொறைக்கச் சொல்லுவீங்க" என்றார். நுரை வர ஆற்றிய பால் தேநீர். அதுவும் சரி.

நான்காம் நாள் காலை நான் பட்டையைச் சுற்றும்போது, "எப்படி இருக்கீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கேன் மிஸ்ஸி."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் கட்டிலை அறுவைக்கு அனுப்ப வேண்டும், தியேட்டரிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. இயந்திரம் காட்டியதை எழுதினேன். மூச்சுக்கு நேராக 18 போட்டேன். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டு மணிச் சுற்று தாமதமாகிவிட்டது. ஒன்பதாம் கட்டிலுக்கு நான் போய்ச் சேரும்போது பார்வையாளர் நேரம் தொடங்கி, அவருடைய மனைவி உள்ளே வந்திருந்தார். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர், அன்று விடுப்பு எடுத்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில், பையைக்கூடக் கீழே வைக்காமல், புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இயந்திரம் எண்களைக் காட்டியது. நாடி 84. காய்ச்சல் இல்லை. ஆக்சிஜன் 96. ரத்த அழுத்தம் 118க்கு 72. எல்லாம் நன்றாக இருந்தன. பேனா மூச்சுக் கட்டத்துக்கு வந்தது. கை 1 போடப் போனது.

"தங்கச்சி, இவங்க பேச்சைப் பாதியில நிப்பாட்டுறாங்க" என்றார் அந்த அம்மா.

"என்னக்கா?"

"புள்ளைங்க சாப்பிட்டாங்களான்னு கேக்குறதுக்கு ரெண்டு தரம் நிறுத்துறாங்க. இவங்க அப்படிப் பேச மாட்டாங்க. கடை வாசல்ல இருந்து அடுப்பு வரைக்கும் ஒரே மூச்சுல ஆர்டர் கத்துற ஆளு."

"படுத்தே இருக்கேன்ல... அதான்..." என்றார் அவர். அதைச் சொல்வதற்கும் இடையில் நின்றார்.

பேனாவை எடுத்துவிட்டேன். அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டுதான் மூச்சை எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார். சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆழமில்லாத மூச்சு. வயிறு அசையவே இல்லை, மார்பின் மேல்பகுதி மட்டும் சின்னச் சின்னதாகத் தூக்கிக்கொண்டிருந்தது. முப்பது நொடியில் பதினான்கு. நம்பாமல் முழு நிமிடம் எண்ணினேன். 28.

அவர் கை சில்லென்று இருந்தது.

நான் சார்ட்டைப் புரட்டினேன். முந்தைய நாள் மாலை 18. இரவு 18. விடியற்காலை 20. காலை எட்டு மணி, என் கையெழுத்தில், 18. நல்லாயிருந்த மனிதர் நான்கு மணி நேரத்தில் திடீரென்று இப்படி ஆனாரா, ராத்திரியிலிருந்தே ஏறிக்கொண்டு வந்ததா? அந்தத் தாளைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

வார்டின் இளம் டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் வேறு மாடியில் இருந்தார்.

"நாடி எவ்வளவு?"

"எண்பத்து நாலு, டாக்டர்."

"காய்ச்சல்?"

"இல்லை."

"பிபி நார்மல். ஆக்சிஜன் நார்மல். வலியா இருக்கும், இல்லன்னா பயமா இருக்கும். வலி மருந்து குடுங்க. சாப்பிட்டுட்டு வந்து பாக்குறேன்."

போனை வைத்துவிட்டு நின்றேன். உட்கார முடியவில்லை. மருந்து அறைக்குப் போனேன், எதற்குப் போனேன் என்று மறந்து திரும்பினேன். மறுபடி ஒன்பதாம் கட்டில். மறுபடி மணிக்கட்டு. 30. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது என்று நான் திரையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

கவுண்டருக்கு வந்து அவருடைய கோப்பு முழுவதையும் பிரித்தேன். என்ன தேடுகிறேன் என்று தெரியாமல்தான் தேடினேன். மருந்துத் தாளில் இருந்தது. ரத்த அழுத்தத்துக்கு அவர் பல வருடமாகச் சாப்பிடும் மாத்திரை, காலையில் நானே கொடுத்தது. இதயத்தை வேகமாகத் துடிக்கவிடாத மாத்திரை அது. அதற்கு அடுத்த வரியில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமோல். காய்ச்சல் எழும்ப விடாது. உடம்பு எழுப்ப வேண்டிய இரண்டு கூச்சலையும் நாங்களே மருந்து கொடுத்து அடக்கி வைத்திருந்தோம். முன்பக்கம் புரட்டினேன். அறுவைக்கு முன் கிளினிக்கில் எடுத்த ரத்த அழுத்தம்: 158க்கு 92. மாத்திரை சாப்பிட்ட பிறகும் அவ்வளவு. அப்படிப்பட்டவருக்கு 118 என்பது நார்மல் இல்லை. அது இறங்குகிறது.

அறுவை செய்த டாக்டரை நேரடியாகக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. வார்டின் தலைமை நர்ஸ், அதாவது சிஸ்டர்தான் கூப்பிட வேண்டும். எங்கள் வார்டு சிஸ்டர் மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். நான் போகும் வழியில் கெரேத்தா அக்கா கையைப் பிடித்தார். அடுத்த வரிசைக் கட்டில்கள் அவருடையவை.

"என்னடி, ஓடுற?"

சொன்னேன். அக்கா சார்ட்டை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"காலையிலதை இருபத்திரண்டுன்னு மாத்திடு" என்று குரலைத் தாழ்த்தினார். "மெதுவா ஏறுனாப்புல இருக்கும். யாரும் கேக்க மாட்டாங்க."

உடனே வேண்டாம் என்று சொன்னேனா? இல்லை. நான் அந்த 18ஐப் பார்த்தேன். முதல் எண்ணை இரண்டாக மாற்ற ஒரு வளைவும் ஒரு கோடும் போதும். 28 ஆகிவிடும். ஆனால் எட்டு மணிக்கே 28 என்றால், பார்த்தும் சும்மா இருந்தேன் என்று ஆகும். 22 என்று போட்டால், டாக்டர்கள் அதை வைத்துக் கணக்குப் போடுவார்கள், அந்தக் கணக்கு பொய்யாகப் போகும். என்ன எழுதினாலும் நான் எண்ணவில்லை என்பது மாறாது. சார்ட்டை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

சிஸ்டர் தன் மேசையில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். மாத்திரை, பாராசிட்டமோல், 158, 118, சில்லென்ற கை, 28, 30. அவர் தாளைப் பார்த்தார். விரல் எட்டு மணிக் கட்டத்தில் வந்து நின்றது.

"பதினெட்டு" என்றார். பிறகு மலாயில் கேட்டார். "அவாக் கிரா தக்?" நீ எண்ணினாயா, இல்லையா?

"தக் கிரா, சிஸ்டர்." எண்ணவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "அப்படியென்றால் இது எப்போது தொடங்கியது என்று நமக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். அறுவை டாக்டரிடம் பேசும்போது அவர் குரல் சமமாக இருந்தது. "டாக்டர், ஒன்பதாம் கட்டில். மூச்சு 30. மற்ற எண்களை நம்பாதீர்கள், காரணம் சொல்கிறேன். காலையில் எழுதிய மூச்சையும் நம்பாதீர்கள். அது எண்ணப்படவில்லை."

பதினைந்து நிமிடத்தில் டாக்டர் வந்தார். அந்தப் பதினைந்து நிமிடத்தில் எத்தனை தடவை வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன் என்று தெரியாது. வயிற்றில் கை வைத்ததுமே அவர் நிமிர்ந்து சிஸ்டரைப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். தைத்த இடம் பிரிந்து, குடலில் இருந்தது வயிற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. அன்று மாலையே மறுபடியும் அறுவை.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். மூச்சு கிடைக்கவில்லை. மனைவி பக்கத்தில் நடந்தார். லிப்ட் கதவு மூடும்வரை பை அவர் தோளிலேயே இருந்தது.

என் ஷிப்ட் இரண்டு மணியோடு முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகவில்லை. அறுவை முடியும்வரை கீழே கேண்டீனில் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாங்கிய சோற்றைத் தொடாமல் வைத்தேன். உயிரோடு தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் பஸ் ஏறினேன்.

அங்கே பதினோரு நாள் இருந்தார். சிஸ்டர் என்னை ஓர் அறிக்கை எழுதச் சொன்னார். எழுதினேன். எண்ணவில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். அதற்கு மேல் காரணங்கள் எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் அந்த ஒரு வரியோடு கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயம்தான்.

ஆனால் சிஸ்டர் அதோடு நிறுத்தவில்லை. அந்தத் தாளில் இருந்த எல்லாப் பதினெட்டுகளையும் வட்டம் போட்டார். எழுதியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முந்தைய மாலையின் 18 கெரேத்தா அக்காவுடையது, அன்று அவர் மாலை ஷிப்டையும் சேர்த்துப் பார்த்திருந்தார். அது எனக்குத் தெரியும். சிஸ்டர் முன்னால் நின்றபோதும் தெரிந்துதான் இருந்தது.

சிஸ்டர் அக்காவைக் கூப்பிட்டதற்கு அடுத்த நாள் அடுக்குமாடிக்குக் கீழே அக்கா வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒன் தப்பை நீ சொன்ன. சரி" என்றார். "என் கையெழுத்தும் அதே தாள்ல இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

"வேற என்ன சொல்லியிருக்கணும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்லா. ஒரு வார்த்தை." அவர் கண் கலங்கியிருந்தது. "நானே போய்ச் சொல்லியிருப்பேன். நீ என்னை மாட்டி விட்ட மாதிரி ஆயிடுச்சு."

அன்று வார்டில் எண்ணை மாற்றச் சொன்னது அவர்தானே என்று நாக்கு நுனிவரை வந்து நின்றது. மறுநாளிலிருந்து நான் பஸ்ஸில் போனேன். விடியற்காலையில் எழுந்து, ஜெலுத்தோங் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வார்டில் அக்கா என்னோடு வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினார். மற்றவர்களும் நான் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போனார்கள்.

அந்த நாட்களில்தான் எனக்கு அந்தப் பழக்கம் வந்தது. பஸ்ஸில் முன் இருக்கையில் தூங்குகிறவரின் தோள் ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். கை தானாகச் சட்டைக் கடிகாரத்துக்குப் போகும். பதினாறு. அடுத்தவர் பதினேழு. பாசாரில் மீன் வெட்டுகிறவர், வங்கியில் வரிசையில் நிற்கிற கிழவி, எவரையும் விடவில்லை. என் வீட்டுக்காரர் எலக்ட்ரானிக் பேக்டரியில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குவார். விடுமுறை நாளில் நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரை எண்ணுவேன். ஒருநாள் கண்ணைத் திறந்துவிட்டார்.

"எத்தனை?"

"பதினாலு."

"நல்லதா?"

"நல்லதுதான்."

"அப்ப நீயும் படு." திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் என்னால் படுக்க முடியவில்லை. எண்ணி முடித்ததும் ஒரு நிமிடம் நிம்மதி இருக்கும். அடுத்த நிமிடம் அது பழைய எண்ணாகிவிடும்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் கிளினிக் பக்கம் ஒரு கோப்பைக் கொடுக்கப் போனேன். நாற்காலி வரிசையில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பாதியாக இளைத்திருந்தார். இரண்டாவது அறுவையில் குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே வைத்து ஒரு பையில் விட்டிருந்தார்கள். சட்டைக்கு அடியில் அது புடைத்துத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"மிஸ்ஸி! நீங்க அன்னைக்கு ஓடுன ஓட்டத்தை நான் பாத்தேன். பேச முடியல, ஆனா பாத்தேன்."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களாலதான் தங்கச்சி. அல்லா ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்."

அந்தக் கையை என்னால் தாங்க முடியவில்லை. நான் அங்கேயே, நாற்காலி வரிசைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டேன். காலையில் எண்ணவில்லை என்று. சும்மா ஒரு நம்பர் எழுதினேன் என்று. முந்தின நாளும் யாரும் எண்ணவில்லை என்று.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப நான் அன்னைக்கு வேலைக்குப் போயிருந்தா?"

"தெரியலைக்கா."

"நான் வாயைத் தொறக்காம நின்னுருந்தா? மறுபடியும் அதே நம்பரை எழுதியிருப்பீங்களா?"

"எழுதியிருப்பேன்க்கா."

பக்கத்தில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். "விடும்மா" என்றார் புருஷன். "நான் உசுரோடதானே உக்காந்திருக்கேன்."

"நீங்க சும்மா இருங்க" என்றார் அவர். பிறகு என்னிடம், "பையை எடுத்துட்டு உள்ள சேக்குறதுக்கு அடுத்த மாசம் ஒங்க வார்டுக்குத்தான் வரணும்னு டாக்டர் சொல்றாரு. வேற எடம் இல்லையாம்."

"வாங்கக்கா."

"நான் கட்டில் பக்கத்துலயே இருப்பேன். நேரம் முடிஞ்சிருச்சு, வெளிய போங்கன்னு சொல்லக்கூடாது."

சிஸ்டரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். சொன்னபடியே வந்தார்கள். இந்த முறை பன்னிரண்டாம் கட்டில். அந்த அம்மா காலையிலிருந்து மாலைவரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் மணிக்கட்டைப் பிடித்து நிற்கும்போது அவரும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணுவார்.

"எத்தனை?" என்பார் நான் முடித்ததும்.

"பதினாறு."

"எனக்குப் பதினேழு."

"மறுபடி எண்ணுவோமாக்கா?"

எண்ணுவோம். மூன்றாம் நாள் அந்த வரிசைக் கட்டில்கள் கெரேத்தா அக்காவின் பங்கு. நான் அடுத்த வரிசையில் இருந்தேன். அக்கா பன்னிரண்டாம் கட்டிலில் நின்று, நாற்காலியில் இருந்தவரின் பார்வைக்கு முன்னால், ஒரு நிமிடம் முழுவதும் அசையாமல் எண்ணியதைப் பார்த்தேன். பிறகு பதிமூன்றாம் கட்டிலுக்குப் போனார். அங்கே யாரும் பார்க்கவில்லை. அங்கேயும் நின்றார்.

தையல் பிடித்துக்கொண்டது. ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வார்டு முழுக்க எல்லாருக்கும் கை கொடுத்தார். மனைவி பையைத் தோளில் போட்டுக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். எனக்கு நன்றி சொல்லவில்லை. "கடைக்குப் போறதுக்கு இன்னும் ஒரு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்றாரு, இவங்க அடுத்த வாரமே நிக்கணும்கிறாங்க. நீங்க சொல்லுங்க, ஒங்க பேச்சைக் கேப்பாங்க" என்றார்.

நான் போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கேட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.